வார்சாவிலிருந்து போஸ்னான் வரை: அபகனோவிச்சின் நார்

திங்கள், வார்சா

இந்தப் பயணத்துக்கு ஒரே நோக்கம்தான்: போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகனோவிச்சின் படைப்புகளை அவர் வாழ்ந்த நாட்டிலேயே பார்ப்பது. கலை வரலாற்றில் அவரைச் சிற்பி என்று எழுதுகிறார்கள். தன்னை நெசவாளி என்று ஒதுக்கி வைப்பதை அவரும் விரும்பியதில்லை. ஆனால் நான் பவானிக்காரி. ஜமுக்காளத் தறிகளின் நடுவே வளர்ந்தவள். அவருடைய படைப்புகளைப் படங்களில் பார்த்தபோதெல்லாம் தறியின் நீளவாட்டு நூலான பாவு எங்கே ஓடுகிறது, குறுக்கு நூலான ஊடை எங்கே திரும்புகிறது என்றுதான் என் கண் தேடியது. நேரில் பார்த்தால் அந்தக் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளவே வந்திருக்கிறேன்.

காலையில் கிராகோவ்ஸ்கியே பிசெத்மியெஷ்சியே தெருவில் நடந்தேன். வார்சாவின் ராஜவீதி இது. பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு எதிரே சாப்ஸ்கி அரண்மனை இருக்கிறது. அதில்தான் நுண்கலைக் கல்லூரி. அபகனோவிச் இங்கே 1950 முதல் 1954 வரை படித்தார். ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர் என்று தெரிந்தால் கம்யூனிச அரசு இடம் கொடுக்காது என்பதால், தன் குடும்பப் பின்னணியை மறைத்துத்தான் சேர்ந்தார்.

அவர் பிறந்தது 1930இல், வார்சாவுக்கு அருகில் உள்ள ஃபலென்ட்டி என்ற ஊரில். காடும் குளமும் சூழ்ந்த பண்ணை வீட்டில் பட்டையையும் சுள்ளியையும் களிமண்ணையும் வைத்து விளையாடிய பெண். 1943இல் ஓர் இரவு, குடித்திருந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் வீட்டுக்குள் நுழைந்து சுட்டதில் அவருடைய அம்மாவின் வலது கை தோளோடு போயிற்று. மறு ஆண்டு குடும்பம் வார்சாவுக்கு வந்தது. ஜெர்மானியருக்கு எதிராக நகரத்தில் எழுச்சி வெடித்த அந்த நாட்களில், பதினான்கு வயதில், காயம்பட்டவர்களுக்கு உதவும் வேலையில் இறங்கினார்.

இந்தச் சம்பவங்களை எழுதிவிட்டு, அவருடைய தலையில்லாத, கையில்லாத உருவங்களுக்கு எல்லாம் இதுதான் காரணம் என்று முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது போதவில்லை. துயரம் பட்டவர்கள் கோடிக்கணக்கில் இருந்த நாடு இது. அவர்களில் ஒருவர் மட்டும் ஏன் கயிற்றை எடுத்தார்?

பாதி விடை இதே தெருவில் கிடைக்கிறது. படிப்பு முடித்த புதிதில் அவர் பெரிய பெரிய துணிகளைத் தைத்து ஒட்டி, அவற்றின்மேல் செடிகளையும் பறவைகளையும் மீன்களையும் வரைந்தார். போருக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கையில் கிடைத்ததுதான் பொருள். 1960இல் இங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கும் கோர்தெகார்தா கூடத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி வைக்கப்பட்டது. அரசு ஏற்றிருந்த சோஷலிச யதார்த்தம் என்ற கலைப்பாணிக்கு ஒத்துவராது என்று அதிகாரிகள் திறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். ஆனாலும் மரியா வாஷ்கியேவிச் என்ற மூத்த நெசவுக் கலைஞரின் கண்ணில் அந்த வேலைகள் பட்டுவிட்டன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தொடங்கவிருந்த சர்வதேச நெசவோவிய (தறியில் நெய்யும் ஓவியம்) ஈராண்டுக் கண்காட்சிக்கான பட்டியலில் அபகனோவிச்சின் பெயர் சேர்ந்தது அவரால்தான்.

மாலையில் மெட்ரோ ஏறி பியெலானிக்குப் போனேன். மரங்கள் அடர்ந்த, அமைதியான குடியிருப்புப் பகுதி. வாஷ்கியேவிச்சின் வீட்டு நிலவறையில் இருந்த தறியில்தான் அபகனோவிச் அந்த முதல் பெரிய வேலையை நெய்தார். கண்காட்சியின் விதி, குறைந்தது 12 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது. அவர் வசித்ததோ சின்னஞ்சிறு வீடு. இரண்டு மீட்டர் உயரம், ஆறு மீட்டர் நீளம் என்று சரியாக 12 சதுர மீட்டருக்கு ‘வெண்ணிற வடிவங்களின் அமைப்பு’ உருவாயிற்று. பருத்திக் கயிற்றையும் கலந்து நெய்தார். நெய்ய நெய்ய உருளையில் சுற்றிக்கொண்டே போவதால், முழு வேலையையும் விரித்துப் பார்க்க அந்த நிலவறையில் இடம் இருந்திருக்காது. நெசவாளிக்கு இது புதிதில்லை. தறியில் இருக்கும்வரை துணியின் ஒரு முழத்தைத்தான் நாம் பார்க்கிறோம். மற்றது மனதில் இருக்க வேண்டும்.

புதன், வூட்ஜ்

வார்சாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே ஏறி வந்தால் செங்கல் புகைபோக்கிகள். நம்மவர்கள் யார் வந்தாலும் கோயம்புத்தூர் என்றுதான் சொல்வார்கள். இதையும் போலந்தின் மான்செஸ்டர் என்றே அழைத்தார்கள்.

பியோத்ர்கோவ்ஸ்கா தெரு நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நேர்கோடாகப் போகிறது. அதன் தெற்குக் கோடியில் லுத்விக் கெய்யரின் ‘வெள்ளை ஆலை’. 1835க்கும் 1839க்கும் இடையில் கட்டிய பருத்தி ஆலை; வூட்ஜின் முதல் நீராவி எந்திரம் இங்கேதான் ஓடியது. இப்போது மத்திய நெசவு அருங்காட்சியகம். 1972 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நெசவோவியக் கண்காட்சி நடத்தும் இடமும் இதுதான். 1975இலிருந்து அது சர்வதேசக் கண்காட்சியாக வளர்ந்துவிட்டது. லோசானின் கண்காட்சி 1995ஓடு நின்றுபோனது, இது நிற்கவில்லை.

கீழ்த்தளத்தில் பழைய எந்திரத் தறிகளை ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றை ஓட்டியபோதே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஓட்டியவர் அறுபதைத் தாண்டிய அம்மா. என் ஊரையும் தொழிலையும் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தாயார் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை செய்தவராம்.

“ஒரு கூடத்தில் இந்த மாதிரி எத்தனை தறி ஓடும்?” என்று கேட்டேன்.

“எண்ணவே மாட்டார்கள். வீட்டுக்கு வந்தும் அம்மா உரக்கத்தான் பேசுவார்” என்றார். “எங்களுக்கு அவர் கோபமாக இருக்கிறாரா, சாதாரணமாகப் பேசுகிறாரா என்றே தெரியாது.”

1981 கோடையில், கடைகளில் உணவு இல்லாத காலத்தில், இந்த ஊர் ஆலைப் பெண்கள் பிள்ளைகளோடு இதே தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலத்தைப் பற்றியும் அவர் சொன்னார். 1989க்குப் பிறகு சந்தை திறந்ததும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஊர் ஆறேழு ஆண்டுகளில் வேறு ஊராகிவிட்டது என்றார். எங்கள் பக்கத்து விசைத்தறிக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது.

அபகனோவிச் இந்த ஆலைகளில் வேலை செய்தவரில்லை. பிறகு ஏன் இங்கே வந்தேன் என்றால், அவர் தனி மரம் அல்ல என்பது இங்கேதான் விளங்குகிறது. ‘வாத்’ என்ற கைவினைக் கூட்டுறவு 1926இலேயே வார்சாவில் தொடங்கியது. கல்லூரியில் அவருக்கு நெசவு சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் எலியொனோரா புளுத்தின்ஸ்கா. கையால் நூற்ற கம்பளி, செடிகொடிகளின் சாயம், முன்கூட்டி வரைந்த படம் இல்லாமல் தறியிலேயே யோசித்து நெய்வது என்பதுதான் அவருடைய பாடம். கிழக்கு எல்லைக் கிராமங்களில் அழியவிருந்த இரட்டைப் பாவு நெசவை மீட்டெடுத்தவரும் அவரே.

பிரான்சில் வழக்கம் வேறு. ஓவியர் ஒரு படத்தை வரைந்து அனுப்புவார். ஓபுசோன் என்ற ஊரின் நெசவாளிகள் அதை நூலுக்கு நூல் நகலெடுப்பார்கள். லோசான் கண்காட்சியைத் தொடங்கிய ழான் லுர்சாவும் அந்த மரபுக்காரர்தான். 1962இல் போலந்துக்காரர்கள் தாங்களே நெய்த, முண்டும் முடிச்சுமான வேலைகளோடு அங்கே வந்து நின்றார்கள். அபகனோவிச்சோடு யொலாந்தா ஒவித்ஸ்கா, வொய்ச்சியெஹ் சாத்லே என்று வேறு பலரும் இருந்தார்கள். மெருகு போதாது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் நவீன நெசவோவியத்தின் திசை அந்த அரங்கில் மாறிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓவியத்தையும் சிற்பத்தையும் உற்றுப் பார்த்த தணிக்கை அதிகாரிகள் நெசவை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. துணிதானே, பெண்கள் வேலைதானே என்ற எண்ணம். அந்த அலட்சியத்தின் நிழலில் போலந்து நெசவாளிகள் தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள்.

வெள்ளி, விரோத்ஸ்வாஃப்

இன்றைய குறிப்பு நீளமாகத்தான் வரும்.

டிராமில் நூற்றாண்டு மண்டபத்துக்கு வந்து இறங்கினால், அதன் பக்கத்திலேயே நான்கு குவிமாட மாளிகை. ஹன்ஸ் போல்ட்சிக் என்ற கட்டடக் கலைஞர் 1912, 13 வாக்கில் கட்டியது. அப்போது இந்த ஊர் ஜெர்மனியின் பிரெஸ்லாவ். 2016 முதல் தேசிய அருங்காட்சியகத்தின் சமகாலக் கலைப் பிரிவு இங்கே இருக்கிறது. அபகனோவிச்சின் படைப்புகள் மிக அதிகமாகச் சேர்ந்திருப்பது இந்த அருங்காட்சியகத்தில்தான். அதன் இயக்குநராக நீண்ட காலம் இருந்த மரியுஷ் ஹெர்மன்ஸ்தோர்ஃபருக்கு அந்தப் பெருமை சேரும்.

கூட வந்தவள் இங்கே பொறியியல் படிக்கும் கரூர்ப் பெண். ஊர்க்காரர் ஒருவர் மூலம் அறிமுகம். வீட்டில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்கிறார்கள்.

கூடம் வெள்ளை வெளேரென்று, மேலிருந்து வெளிச்சம் இறங்குவதாக இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் கூரையிலிருந்து தொங்குகிறது ஒரு கரிய அபகான். அவருடைய பெயரை வைத்தே 1964இல் ஒரு விமர்சகர் இவற்றை அபகான் என்று அழைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. சுவரில் ஒட்டாமல், முன்னும் பின்னும் நாம் சுற்றிவரும்படி நிற்கும் நெசவு. சில நான்கைந்து மீட்டர் உயரம் வரும்.

முதலில் தூரத்திலிருந்து பார்த்தேன். பிறகு, காவலர் அனுமதிக்கும் எல்லைவரை போய் நின்றேன். இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஊடை பாவை முழுக்க மூடியிருக்கிறது. ஜமுக்காளத்திலும் இதே முறைதான். அதனால்தான் பாவு தெரியாமல் வெறும் நிறம் மட்டும் பரந்து நிற்கும். ஆனால் நாங்கள் ஊடையைப் பலகை வைத்து அடித்து அடித்துச் சமமாக்குவோம். இங்கே ஊடை சைசல் நார். நம் வேலியோரத்து ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தமான செடியின் நார் அது. விறைத்து நிற்கும், வளைந்து கொடுக்காது. அதை வழிக்குக் கொண்டுவர அவர் முயலவே இல்லை. ஓர் இடத்தில் நெருக்கி அடித்திருக்கிறார், அடுத்த சாணில் தளர விட்டிருக்கிறார். அதனால் பரப்பு மேடும் பள்ளமுமாகப் புடைக்கிறது. கறுப்பு என்று நினைத்தது கறுப்பே இல்லை. கரும்பழுப்பு, துருச்சிவப்பு, ஓரிடத்தில் கருநீலம். சாயம் ஏறாத நார் முனைகள் வெளிச்சத்தில் பொன்னிறமாகக் குத்திட்டு நிற்கின்றன. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. வெட்டிய பிளவு அன்று. இரண்டு பக்கமும் ஊடை திரும்பிப் போய்க் கரை கட்டிய பிளவு. அதன் உதடுகள் தன் எடையால் தாமே மடிந்து விரிகின்றன. அடியில் நெசவு நின்றுபோய், தடித்த கயிறுகள் அவிழ்ந்து தரையில் சரிகின்றன.

“அக்கா, கரையைப் பாருங்கள்” என்றாள் கரூர்ப் பெண். “எங்கள் அப்பா பார்த்தால் முழு லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்.”

“அனுப்பட்டும். இவர் கரையை இழுத்து நேராக்கியிருந்தால் இது விரிப்பாகப் போயிருக்கும்” என்றேன்.

அவள் குனிந்து, கீழே சரிந்த கயிற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது பழைய கயிறு” என்று கடைசியில் சொன்னாள். கண் தப்பவில்லை. அபகனோவிச் துறைமுகங்களில் கழித்துப் போட்ட கயிறுகளை வாங்கி வந்து, புரி புரியாகப் பிரித்து, அலசி, சாயமேற்றி, மறுபடி நெய்தார். தேய்மானம் நாரிலேயே இருக்கிறது. கப்பலைக் கட்டி இழுத்த கயிறு அது. புது நாரில் இந்த வண்ணம் வராது, இந்தச் சோர்வும் வராது. குதிரை மயிரும் சணலும் கம்பளியும் இடையிடையே வருகின்றன. ஸ்தெஃபானியா ஸ்குத்கா என்ற நெசவாளி பல ஆண்டுகள் அவரோடு தறியில் உழைத்தார். இந்தப் பெயரைக் காட்சிக்கூடங்களில் இன்னும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1965இல் சாவோ பாவ்லோ கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு உலகமெங்கும் அழைப்புகள். அப்போதும் சின்ன வீட்டில்தான் இருந்தார். மென்மையானவை என்பதால் இவ்வளவு பெரிய வேலைகளை மடித்து வைக்கவும் சுருட்டி அனுப்பவும் முடிந்தது. வெண்கலத்திலும் கல்லிலும் வேலை செய்கிறவருக்கு வார்சாவின் ஓரறை வீட்டிலிருந்து உலகத்துக்குப் போக வழி இருந்திருக்காது. நான் திங்களன்று கேட்ட கேள்விக்கு மீதி விடை இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த அறையில் கோணி மனிதர்கள். 1970களின் நடுவில் அவர் தறியிலிருந்து விலகி, சாக்குத் துணியைப் பசையிலும் பிசினிலும் தோய்த்து, மனித உடலில் எடுத்த வார்ப்பச்சில் அழுத்திக் காயவைத்து உருவங்கள் செய்யத் தொடங்கினார். ‘முதுகுகள்’ என்ற தொகுப்பில் 80 உருவங்கள்: தலை இல்லை, கை இல்லை, முன்பக்கமும் இல்லை; குனிந்த முதுகின் ஓடு மட்டும். 1980இல் வெனிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோன ‘கருவியல்’ (எம்ப்ரியாலஜி) கோணியிலும் சல்லாத் துணியிலும் கயிற்றிலும் செய்த ஏறத்தாழ 800 உருண்டைகள். சில கூழாங்கல் அளவு, சில ஆள் சுருண்டு படுக்கும் அளவு. அந்தத் தொகுப்பு இப்போது லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே நிற்பவர்கள் வரிசை கட்டிய கூட்டம். “தலை இல்லாமல் இத்தனை பேர் நிற்பது எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா” என்று அவள் என் பின்னால் ஒதுங்கினாள். கோஷமிடும் கூட்டங்களை ஹிட்லர் காலத்திலும் ஸ்டாலின் காலத்திலும் பார்த்தவர் அபகனோவிச். ஒரே அச்சில் எடுத்தாலும் ஒவ்வொரு கோணியும் வேறு விதமாக மடிகிறது. ஒருவரின் தோளில் சாக்கின் தையல் குறுக்கே ஓடுகிறது. இன்னொருவரின் வயிற்றில் இழை விலகி ஓட்டை விழுந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசத்தைத் துணியே செய்துகொடுக்கிறது. சணலுக்கு இந்தக் குணம் உண்டு என்று தெரிந்த கைதான் இதைச் செய்ய முடியும்.

செடியின் திசுவும் நம் நரம்பும் தசையும் எல்லாமே நாரால் ஆனவை, பூமியின் உயிருலகைக் கட்டிய மூலப்பொருளே நார்தான் என்பது அபகனோவிச் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. அந்த முதுகுகளின் உட்பக்கத்தைப் பார்த்தபோது அதை வெறும் தத்துவமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. காய்ந்த பசை பளபளக்கும் அந்தச் சணல் இழைகள் விலா எலும்பின்மேல் படிந்த தசையாகவே இருக்கின்றன.

மாலைவரை அங்கேயே இருந்தோம். வெளியே வந்து சூடாக ஜூரெக் சூப் குடித்தோம். புளித்த மாவில் செய்வது. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

ஞாயிறு, போஸ்னான்

அபகனோவிச் இந்த ஊர்க் கலைக் கல்லூரியில் 1965 முதல் 1990 வரை கற்பித்தார். இன்று அது பல்கலைக்கழகம். 2021 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இறந்தது 2017இல். விடுமுறை நாள் என்பதால் வாயிலோடு திரும்பினேன்.

ஊருக்கு வடக்கே ஸிததெலா பூங்கா. பிரஷ்யர்கள் கட்டிய கோட்டை இருந்த மேடு. 1945இல் பெரும் சண்டை நடந்த இடம். அதன் புல்வெளியில் ‘அடையாளம் தெரியாதவர்கள்’ நிற்கிறார்கள், 112 பேர். 2002இல் நிறுவியது. வார்ப்பிரும்பு, ஒவ்வொருவரும் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். தலையும் கையும் இல்லை. ஆளுக்கொரு திசையில் நடக்கிறார்கள், யாரும் யாரையும் சந்திப்பதில்லை. சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் 2006 முதல் நிற்கும் 106 உருவங்களும் இந்தக் குடும்பமே.

குழந்தைகள் இவர்களின் கால்களுக்கு இடையே ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஒரு தாத்தா நாயோடு குறுக்கே நடந்து போனார். கலைப்பொருள் என்று யாரும் ஒதுங்கவில்லை; எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே தொடுவதற்குத் தடையில்லை. துருவேறிய பரப்பில் கை வைத்தேன். மழமழவென்று இல்லை, நீள நீளமாக வரிகள், திருகல்கள். மரப்பட்டை என்று எழுதுகிறார்கள். என் விரலுக்கு அது பிழிந்த சாக்கு. ஒருவரின் பின்னால் போய்ப் பார்த்தேன். உள்ளே வெற்று. விரோத்ஸ்வாஃபில் பார்த்த அதே ஓடு.

சிற்பி என்ற பெயரை அவர் வேண்டும் அளவுக்குச் சம்பாதித்துவிட்டார். அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனாலும் இந்த இரும்பில் ஒன்றை இழந்துவிட்டார் என்றே சொல்வேன். வெளியில், மழையிலும் பனியிலும் நிற்க இரும்பு வேண்டியிருந்தது, சரி. கோணியில் ஒவ்வோர் உருவத்துக்கும் துணி தானாகக் கொடுத்த வேறுபாட்டை, இங்கே அவர் கையால் கீறிக் கீறிக் கொண்டுவர வேண்டியிருந்திருக்கிறது. மடித்து எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாத வேலை இது. 112 பேரையும் விட, விரோத்ஸ்வாஃபில் தொங்கும் அந்த ஒற்றைக் கரிய நெசவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கரூர்ப் பெண்ணுக்குப் படங்களை அனுப்பினேன். “எனக்கு இரும்புதான் பிடித்திருக்கிறது அக்கா. இவர்களாவது எங்கேயோ போகிறார்கள்” என்று பதில் எழுதினாள். அதுவும் நியாயம்தான்.

நெசவுக் குடும்பங்களிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் போஸ்னானின் இரும்பு, பிறகு விரோத்ஸ்வாஃபின் நார். இரண்டு ஊருக்கும் இடையே ரயில்கள் அடிக்கடி இருக்கின்றன. நான்கு குவிமாட மாளிகைக்கு அரை நாள் போதாது, முழு நாள் ஒதுக்குங்கள். அபகான்களின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வெளியே வராதீர்கள். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு அங்கேதான் அதிகம் படிக்கக் கிடைக்கும்.